நிமிடத்துக்கு ஒரு கொசுவளவு

இரத்தம் வாசல்வரை வருகிறது.
மூளை எழுந்து வந்து கதவைத் திறப்பதில்லை.
விழுங்கிய மாத்திரையில் பெரும்பங்கைக்
குடலும் ஈரலும் பங்கிட்டுக்கொள்ள
மிச்சம் தட்டிப் பார்த்துவிட்டுச்
சிறுநீராய்ப் போய்விடுகிறது.

கொடுக்கிற தெய்வம்
கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்குமாம்.
நாங்கள் ஃபின்லாந்தில், துர்க்கு நகரத்தில்,
பழைய கயிற்று ஆலையின் மூன்றாம் மாடியில்
நாலு பேர்.
பிய்க்க எங்களுக்கு அனுமதி இல்லை.
துளைக்கலாம்:
மூன்று மில்லிமீட்டர், அளந்து, கையெழுத்து வாங்கி.

உண்மையான மூளை எங்களுக்குக் கிடையாது.
கடற்பாசிப் பொடியை, நூற்றுக்கு அரைக்குச் சற்று மேலே,
வெந்நீரில் கரைத்துக் கண்ணாடிப் பெட்டியில் ஊற்றி
ஆறவிட்டால்
அந்த மென்மை வந்துவிடும்.
இல்போ அதை விரலால் தொட்டுப் பார்ப்பார், ஒவ்வொரு முறையும்.
தொடக்கூடாது என்று சுவரில் எழுதியவரும் அவரே.

அதில் முடி போன்ற குழாயை இறக்கி
நீலச் சாயம் விடுவோம்.
நிமிடத்துக்கு மூன்று மைக்ரோலிட்டர்:
ஒரு கொசு ஒரு வேளைக்குக் குடிப்பது.
கூட விட்டால் திசு கிழியும்.
குறைத்து விட்டால் இரவுவரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

திரவத்துக்கு முன்னேற்றத்தில் நம்பிக்கை இல்லை.
தெரியாத திசுவுக்குள் முண்டுவதைவிடக்
குழாயின் வெளிச்சுவரைப் பிடித்துக்கொண்டு
வந்த வழியே மேலேறிவிடும்.
நுனியில் பூக்க வேண்டிய நீலம்
கழுத்தில் மஃப்ளராய்ச் சுற்றி நிற்கும்.
ஜனவரி முழுக்க மஃப்ளர்.
பிப்ரவரி முழுக்க.
தோற்ற வடிவங்களுக்கு மீன் பெயர் வைப்பார் இல்போ.
பெர்ச், பைக், ஸாண்டர்.
ஏரி மீன்கள் தீர்ந்து கடலுக்குப் போனோம்.

ஹெர்ரிங்கில் ஒரு படி வைத்தோம்.
நுனிக்கு மூன்று மில்லிமீட்டர் மேலே
குழாய் சட்டென்று பருக்கிற இடம்.
முடியின் தடிமன்கூட இல்லாத விளிம்பு.
ஏறி வந்த நீலம் அங்கே முட்டி, நின்று,
வேறு வழியில்லாமல்
பக்கவாட்டில் பரவத் தொடங்கியது.
மதியத்துக்குள் கொண்டைக்கடலையளவு.
யாரும் கைதட்டவில்லை.
தார்யா போய் ஜன்னலைத் திறந்தாள்,
வெளியே மைனஸ் பதினொன்று.

காதுக்குப் பின்னால், எலும்பில் திருகிய
டைட்டானியப் பொத்தான் ஒன்று வெளியே நிற்கும்,
மாதம் ஒருமுறை ஊசி வந்து பொருந்த.
நான்கு குழாய்க்கும் அதுதான் வாசல்.
அதைக் காட்ட ஹில்க்கா ரந்தலாவை அழைத்திருந்தோம்.
தீவுகளுக்கிடையே இருபத்தாறு வருடம் படகு ஓட்டியவர்.
நடுங்கும் வலக்கையை
இடக்கையால் மடியில் அமுக்கிக்கொண்டு
எல்லா வரைபடங்களையும் பார்த்தார்.
ஓட்டத்தைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்,
நீரோட்டம் தெரிந்தவர் அல்லவா.

"நான் வலப்பக்கம் திரும்பித்தான் தூங்குவேன்" என்றார்.

அறுபத்து மூன்று வரைபடம்.
ஒன்றில்கூடத் தலையணை இல்லை.

இடக்காதுக்கு மாற்ற,
நாளங்களைச் சுற்றிப்போகும் பாதைகளை
மறுபடி கணக்கிட
ஏழு வாரம்.
நிதி தருபவர்கள் காரணம் கேட்டார்கள்.
தூக்கம் என்று எழுதினேன். அடித்துவிட்டுப்
பயனர் வசதி என்று எழுதினேன். அதையும்
அடித்துவிட்டுத் தூக்கம் என்றே அனுப்பினேன்.

இப்போது அவர் தலைக்குள் போவது
மருந்தா உப்புநீரா
என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.
சீட்டுக் குலுக்கிய கணினி வாய் திறக்க
இன்னும் பதினான்கு மாதம்.
குழாய்க்கு இரண்டும் ஒன்றுதான்,
மூன்று என்றால் மூன்று.

நேற்று வந்திருந்தார். காப்பிக் கோப்பை
தட்டின்மேல் தந்தியடித்தது.
முன்பைவிடக் குறைவா என்று நாலு பேரும்
பார்க்காததுபோல் பார்த்தோம்.
கண்டுபிடித்துவிட்டார்.
"தூங்க முடிகிறது" என்றார், "அதைக் குறித்துக்கொள்ளுங்கள்."
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.